பகல் பள்ளியின் ஆறு மணி நேரம்: கல்வி பற்றிய வாசகர் கேள்வி – பதில்

தில்லியிலும் அதை ஒட்டிய நொய்டா, குருகிராம் பகுதிகளிலும் வாழும் வாசகர்கள் தனியார் பள்ளிகளைப் பற்றி எழுதிய கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டிருப்பதால் அவர்கள் வசிக்கும் பகுதி மட்டும் குறிக்கப்படுகிறது.

கேள்வி (மயூர் விஹார் வாசகி): அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை தன் மகனை ‘காலேஜ் பிரிபரேட்டரி டே ஸ்கூல்’ என்று சொல்லப்படும் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். நம் தில்லியின் பெரிய தனியார் பள்ளிகளும் அதே வகையைச் சேர்ந்தவைதாமா?

நோக்கத்தில் ஒன்றுதான்; வளர்ந்த வழி வேறு. கல்லூரிப் படிப்புக்கு மாணவனைத் தயார் செய்வதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டு, விடுதி நடத்தாமல், காலையில் வரும் பிள்ளையை மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடும் தனியார் பள்ளியைத்தான் உங்கள் தங்கை குறிப்பிடுகிறார். பாஸ்டன் நகரில் உள்ள ராக்ஸ்பரி லத்தீன் பள்ளியை ஜான் எலியட் என்ற பாதிரியார் 1645-இல் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை அங்கே வசதி படைத்த பல குடும்பங்கள் கல்லூரிக்கு முந்தைய படிப்புக்குத் தம் பையன்களை உறைவிடப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. பால்டிமோர் நகரில் ஆன் கால்பிரெயித் கேரி என்ற தாய் தன் மகனைத் தொலைவுக்கு அனுப்ப மனமில்லாமல், உறைவிடப் பள்ளியின் படிப்பும் விளையாட்டு மைதானமும் வீட்டிலிருந்து போய்வரும் தொலைவிலேயே கிடைக்க வேண்டும் என்று முயன்றார். அதன் பயனாக 1897-இல் உருவானதே பிற்காலத்தில் கில்மன் என்று பெயர் பெற்ற பள்ளி. ‘கன்ட்ரி டே ஸ்கூல்’ என்ற வகை அங்கிருந்துதான் பரவியது. நகர நெரிசலுக்கு வெளியே விரிந்த நிலம், மாலை வரை நீளும் பள்ளி நேரம், இரவில் பெற்றோருடன் சாப்பாடு என்பதே அதன் அமைப்பு.

நம் ஊரில் இந்த வரலாறு வேறு விதமாக நடந்தது. லாலா ரகுபீர் சிங் 1920-இல் தரியாகஞ்சில் மாடர்ன் பள்ளியைத் தொடங்கினார். 1933-இல் அது பாரகம்பா சாலைக்கு இடம் மாறியது. அந்நிய ஆட்சியின் தலைநகரில், இந்தியப் பண்பாட்டோடு புதிய கல்வியையும் தரும் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. விடுதலைக்குப் பிறகு அலுவலர்களும் அகதிகளும் குவிந்து நகரம் பெருகியபோது, அறக்கட்டளைகளும் சங்கங்களும் அடுத்தடுத்துப் பள்ளிகளைத் திறந்தன. தில்லி பப்ளிக் ஸ்கூல் சங்கத்தின் மதுரா சாலைப் பள்ளி 1949-இல் வந்தது. இவற்றுக்கான நிலத்தைப் பல இடங்களில் அரசே சலுகை விலையில் ஒதுக்கியது. அமெரிக்கப் பள்ளிக்கும் இங்குள்ள பள்ளிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. அங்கே பழைய மாணவர்களும் பெற்றோரும் நன்கொடையாகக் கொடுத்துச் சேர்ந்த மூலதனத்தின் வருமானம் பள்ளிச் செலவின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. அந்த நன்கொடையைத் திரட்டுவதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. இங்கே அப்படிப்பட்ட மூலதனம் பெரும்பாலான பள்ளிகளுக்கு இல்லை. நிலத்தில் பொதுப்பணத்தின் சலுகை இருக்கிறது, மற்றபடி எல்லாச் செலவும் மாதக் கட்டணத்தில்தான் வந்து விடிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்வரும் பதில்கள் அனைத்தும் இதைச் சார்ந்தவை. உறைவிடப் பள்ளிக்கு இருபத்து நான்கு மணி நேரம் இருக்கிறது. பகல் பள்ளிக்கு இருப்பது ஆறு, ஆறரை மணி நேரம் மட்டுமே. எனவே ஒரு பகல் பள்ளி வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், புதிய கட்டடத்தின் முகப்பைவிட, அந்த ஆறு மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தே நான் பதில் சொல்வேன்.

கேள்வி (துவாரகா வாசகர்): என் மகளின் பள்ளியில் மாத டியூஷன் கட்டணம் 6,000 ரூபாய். அதோடு ‘டெவலப்மென்ட் ஃபீஸ்’ என்று மாதம் 1,150 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால், பள்ளி வளர வேண்டாமா என்கிறார்கள். இதற்கு வரம்பு ஏதும் கிடையாதா?

வரம்பு இருக்கிறது, அதை உச்ச நீதிமன்றமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. மாடர்ன் பள்ளி தொடர்பான வழக்கில் 2004 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, தில்லியில் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் வளர்ச்சிக் கட்டணம் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அது ஆண்டு டியூஷன் கட்டணத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் தனியார் பள்ளிக் கட்டணங்களை ஆராய்ந்த துக்கல் குழு 10 விழுக்காடு என்று பரிந்துரைத்திருந்ததை, விலைவாசி உயர்வைக் கருதி நீதிமன்றம் சற்று உயர்த்தியது. உங்கள் மகளின் ஆண்டு டியூஷன் கட்டணம் 72,000 ரூபாய்; அதில் 15 விழுக்காடு 10,800. அதாவது மாதம் 900 ரூபாய்க்கு மேல் வாங்க இடமில்லை. உங்களிடம் ஆண்டுக்கு 13,800 வாங்கப்படுகிறது.

வரம்பைவிட முக்கியம், அந்தப் பணம் எதற்குச் செலவாகலாம் என்பது. மேசை நாற்காலிகள், பொருத்துதல்கள், கருவிகள் ஆகியவற்றை வாங்கவும் மேம்படுத்தவும் பழையதை மாற்றவும் மட்டுமே வளர்ச்சிக் கட்டணம். அது மூலதன வரவாகக் கணக்கில் வர வேண்டும், தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கருவிகளின் தேய்மானத்துக்கு ஈடாக ஒரு காப்பு நிதியைப் பள்ளி வைத்திருந்தால்தான் இக்கட்டணத்தை வாங்கவே தகுதி உண்டு. உங்கள் மகளின் வேதியியல் ஆய்வகத்தில் உடைந்த ப்யூரெட்டுக்குப் பதில் புதியது வந்ததா, கணினி அறையில் பத்தாண்டுப் பழைய இயந்திரங்கள் மாறினவா என்பவை அந்தக் கட்டணத்தைப் பற்றிய நியாயமான கேள்விகள். அதே சங்கம் இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்க அந்தப் பணம் போகிறது என்றால், அது உங்கள் மகளின் பள்ளி நேரத்துக்கு வந்து சேர வேண்டிய பணம் வெளியே போவதாகும்.

இதே துறையில் 1973-ஆம் ஆண்டின் தில்லி பள்ளிக் கல்விச் சட்டமும் அதன் விதிகளும் பெற்றோர் பலருக்குத் தெரியாத சில காப்புகளைத் தந்திருக்கின்றன. ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்குவதற்கு முன்பே, அந்த ஆண்டில் வாங்கப்போகும் கட்டணங்களின் முழு விவரத்தையும் பள்ளி நிர்வாகம் கல்வி இயக்குநரகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கட்டண வருவாயில் முதல் உரிமை ஆசிரியர், ஊழியர் சம்பளத்துக்கு. அது போக எஞ்சிய சேமிப்பிலிருந்துதான் மற்றத் தேவைகள். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளம், அதே நிலையில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு ஏட்டளவில் நின்றுபோகும் பள்ளிகள் இந்த நகரத்தில் இருப்பதை நான் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். ஆசிரியருக்குச் சட்டப்படியான சம்பளம் கொடுக்காமல் பளிங்குத் தரை போடுவதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் கட்டண ரசீதுகளை மாத வாரியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒருவராகப் போகாமல் அதே வகுப்பின் பெற்றோர் நாலைந்து பேராகச் சேர்ந்து, வளர்ச்சிக் கட்டணத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கோடு காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்பது மரியாதைதான், ஆனால் அதற்குப் பதிவு இருக்காது. பதில் வராவிட்டால் உங்கள் மாவட்டக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு அதே கடிதத்தின் நகலோடு எழுதுங்கள். மிகையாக வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்த முன்னுதாரணமும் உண்டு: தில்லி உயர் நீதிமன்றம் 2011-இல் அமைத்த நீதிபதி அனில் தேவ் சிங் குழு, பள்ளி பள்ளியாகக் கணக்கை ஆராய்ந்து, பலவற்றில் மிகையான தொகையை 9 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தரும்படி பரிந்துரைத்தது. 2025-இல் தில்லி சட்டமன்றம் நிறைவேற்றிய கட்டணச் சட்டம், பெற்றோரும் இடம்பெறும் பள்ளி அளவிலான குழு ஒன்றின் வழியாகக் கட்டணத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருசேர நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்தக் குழுவுக்கு அழைப்பு வரும்போது, நேரமில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

கேள்வி (ரோகிணி வாசகி): இருபத்தைந்து விழுக்காடு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதால் வகுப்பின் தரம் இறங்குகிறது என்று எங்கள் அடுக்ககத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படியான 25 விழுக்காட்டு இடத்தை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது. அந்தப் பிள்ளைகள் சேருவது நுழைவு வகுப்பில், மூன்று நான்கு வயதிலோ ஆறு வயதிலோ. அந்த வயதில் யாரும் யாருடைய தரத்தையும் இறக்க முடியாது. பின்னால் ஒரு வகுப்பில் சில பிள்ளைகள் தடுமாறினால், அங்கே ஆசிரியர் எண்ணிக்கையும் கூடுதல் கவனிப்பும் போதவில்லை என்று பொருள், அதைக் கேட்க வேண்டிய இடம் நிர்வாகம். அடுக்ககத்தில் பேசுபவர்களிடம், அதே சட்டம் பள்ளிச் சேர்க்கையில் நன்கொடை கேட்பதையும் குழந்தைக்குத் தேர்வு வைப்பதையும் தடுத்திருப்பதால்தான் அவர்கள் பிள்ளைகளும் மூன்று வயதில் நேர்காணலுக்கு உட்காராமல் தப்பித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி (ஆர்.கே.புரம் வாசகர்): என் மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான். ஜே.இ.இ. என்ற பொறியியல் நுழைவுத் தேர்வை எழுத விரும்புகிறான். கோச்சிங் நிலையம் ஒன்று, ‘பள்ளிக்குப் போக வேண்டாம், பெயருக்கு ஒரு பள்ளியில் சேர்த்துவிடுகிறோம், நாள் முழுவதும் இங்கே படிக்கட்டும்’ என்கிறது. அவன் இப்போது படிக்கும் பள்ளியிலேயே தொடரட்டுமா, அங்கே மாற்றட்டுமா?

பள்ளியிலேயே தொடரட்டும். இந்தக் கேள்வி இந்த ஆண்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு வடிவத்தில் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது சி.பி.எஸ்.இ. என்ற மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதி. பெயருக்கு மட்டும் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் டம்மி பள்ளிகளை வாரியம் தில்லியிலும் ராஜஸ்தானிலும் 2024-இல் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் இணைப்பை அந்த ஆண்டிலேயே ரத்து செய்தது. உங்கள் மகன் பெயர் எழுதப்படும் பள்ளிக்கும் அது நேர்ந்தால், பதினேழு வயதுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் வேறு பள்ளி தேடி அலைய வேண்டும். பதினாறு வயது நிறையாத மாணவரைக் கோச்சிங் நிலையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகமும் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. உங்கள் மகனின் வயதைப் பாருங்கள்.

அடுத்தது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு இனிப் பயனில்லை என்று கோச்சிங் நிலையங்கள் சொல்வது சரியல்ல. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தாலும், பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடோ, அந்த வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் இடமோ இருந்தால்தான் சேர முடியும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 75 என்பது 65. தில்லிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடக்கும் க்யூட் தேர்வும் பன்னிரண்டாம் வகுப்பின் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியதே. வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் பின்னால் வந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான மதிப்பெண் பட்டியலும், அவனை வகுப்பில் நேரில் பார்த்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். டம்மி பள்ளியில் அவன் முகத்தையே பார்க்காத ஆசிரியர் எதை எழுதுவார்?

இவை எல்லாம் காரியக் காரணங்கள். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 30 செய்முறைக்கு. அந்த முப்பதுக்கான ஆய்வகத்தில் ஒரு நாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் என்ற கருவியில், மரப்பலகையின் மேல் ஒரு மீட்டர் நீளக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மாணவி ஜாக்கி என்ற தொடுமுனையைக் கம்பியின் இடது முனையில் தொடுகிறாள்; மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்கிறது. வலது முனையில் தொடுகிறாள். எதிர்ப்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அதை அவளே தேட வேண்டும். இணைப்பு சரியான பிறகு நடுவே நகர்ந்து நகர்ந்து முள் பூஜ்யத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறாள். ஜாக்கியைக் கம்பியின் மேல் தேய்த்து இழுத்துக்கொண்டு போனால், ‘தொட்டு எடும்மா, தேய்க்காதே’ என்கிறார் ஆசிரியர். தேய்த்தால் கம்பியின் தடிமன் அங்கங்கே குறைந்து, நீளத்துக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதமே கெட்டுவிடும். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் இயற்பியலை, கேள்வித்தாள் தொகுப்பை ஆயிரம் முறை புரட்டினாலும் அடைய முடியாது. கல்லூரியின் முதல் ஆண்டு ஆய்வகத்தில் அது இல்லாமல் தவிக்கும் மாணவரை எந்தப் பொறியியல் பேராசிரியரிடம் கேட்டாலும் சொல்வார்.

கல்லூரிக்குத் தயார் செய்வது என்றால் கல்லூரிக்குள் நுழையும் வாசலைத் தாண்ட வைப்பதோடு முடியாது. உள்ளே போனபின் தானாகப் படிக்கவும், தெரியாததைக் கேட்கவும், நான்கு பேர் முன்னால் நின்று ஒரு கருத்தைக் காரணத்தோடு சொல்லவும் பழக்க வேண்டும். பள்ளி நேரத்தின் ஆங்கில வகுப்பு, விவாதம், நூலகம், கூடைப்பந்து மைதானம் ஆகிய எல்லாமே அந்தப் பழக்கத்துக்குத்தான். அவற்றை இரண்டு ஆண்டுகளுக்கு அப்படியே வெட்டி எறிந்துவிட்டுக் கேள்விகளை மட்டும் பயிற்சி செய்வது, பதினாறு, பதினேழு வயதுக்கு இழைக்கும் அநியாயம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பள்ளி மட்டும் போதும், பயிற்சியே வேண்டாம் என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. ஜே.இ.இ.க்கு வேகமும் தனிப் பயிற்சியும் தேவைதான். மாலையிலோ வார இறுதியிலோ அதற்கு இடம் கொடுங்கள், பயணத்தில் இரண்டு மணி நேரம் போகாத நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், தூக்கத்தில் கைவைக்காதீர்கள். இப்போதைய பள்ளியின் முதல்வரிடம், பதினோராம் வகுப்பில் இயற்பியல், கணித ஆசிரியர் யார், அவர்கள் அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளும் அதே ஆசிரியர் இருப்பார் என்றால் அது பெரிய பலம்.

கேள்வி (ஜனக்புரி வாசகர்): பிள்ளைகளுக்குத் தமிழும் இருக்க வேண்டும், கல்லூரிக்கு நல்ல அடித்தளமும் வேண்டும். இரண்டும் கிடைக்கும் பள்ளி தில்லியில் உண்டா?

உண்டு, உங்கள் பகுதியிலேயே இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் நடக்கின்றன. 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் தொடங்கிய முயற்சி இது. அரசு அலுவலகங்கள் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் இடம்பெயர்ந்த அந்நாளில், அலுவலர் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு ஆண்டுக்கு இரு முறை அறுந்துபோகாமல் இருப்பதற்காகத் தமிழர்கள் கூடித் தொடங்கினார்கள். இவை அரசு உதவி பெறும் பள்ளிகள் என்பதால் கட்டணச் சுமையும் குறைவு. தமிழ் கற்பிக்காத தனியார் பள்ளியில் ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால், பிள்ளையைப் பிடுங்கி மாற்ற வேண்டியதில்லை. பகல் பள்ளிப் பிள்ளையின் மாலை நேரம் உங்கள் கையில் இருக்கிறது, ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கிறது.

கேள்வி (நொய்டா வாசகர்): நானும் சில நண்பர்களும் உறுப்பினராக உள்ள சங்கம் ஒரு சிறு பள்ளியைப் பத்தாம் வகுப்பு வரை நடத்துகிறது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளையும் திறக்க எண்ணுகிறோம். சங்கத்தில் சிலர் முதலில் அரங்கம் கட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் பெற்றோர் வருவார்கள் என்கிறார்கள். எதில் தொடங்குவது?

உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. பள்ளி நடத்துபவர் தம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்பது அரிது.

வாரியம் கேட்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மேனிலைக்கு உயர்த்தச் சி.பி.எஸ்.இ.யிடம் தனியாக விண்ணப்பித்து, ஆய்வுக் குழு வந்து பார்த்துப்போன பிறகே வகுப்பைத் திறக்க முடியும். வகுப்பறை சுமார் 500 சதுர அடி, ஒவ்வோர் அறிவியல் ஆய்வகமும் சுமார் 600 சதுர அடி, ஒரு பிரிவில் 40 மாணவர்கள், முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியருக்குக் குறையாத விகிதம், ஒரு பிரிவுக்கு ஒன்றரை ஆசிரியர் என்பவை அதன் அளவுகோல்கள். மேனிலை வகுப்பு ஆசிரியர் அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றிருக்க வேண்டும். மனநல ஆலோசகரும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியரும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் பணத்தைக் கணக்கிட்ட பிறகு, அரங்கத்துக்கு எவ்வளவு எஞ்சுகிறது என்று சங்கக் கூட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். வாதத்தின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பதினோராம் வகுப்பைத் திறக்கும் ஆண்டில் அறிவியல், வணிகவியல், கலை என மூன்று பிரிவையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். உங்களிடம் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எதைப் படிக்க விரும்புகிறார்கள் என்று அவர்களையும் பெற்றோரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் பல வீடுகளில் வேறுபடும். அதற்கேற்ப இரண்டு பிரிவோடு தொடங்குங்கள். கலைப் பிரிவை மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடமாக வைத்துவிடாதீர்கள். பொருளியலும் அரசியல் அறிவியலும் நன்றாகக் கற்பிக்கும் பள்ளி சுற்றுவட்டாரத்தில் அரிதாக இருந்தால், பிள்ளைகள் அதற்காகவே உங்களைத் தேடி வருவார்கள்.

ஆசிரியரை, வகுப்பு தொடங்கும் ஏப்ரலில் தேடாதீர்கள். முந்தைய ஆண்டின் நடுவிலேயே எடுத்து, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பாடம் நடத்தவிடுங்கள். பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், அவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். அவர்கள் வேறு பள்ளிக்கோ கோச்சிங் நிலையத்துக்கோ போகாமல் உங்களிடமே பதினோராம் வகுப்பில் சேருவார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்த ஆசிரியராகத்தான் இருக்கும். அவருக்கு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நிகரான சம்பளத்தை முதல் மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் திரும்ப வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பதாக ஆசிரியர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சங்கம் அதற்குள் போகாது என்று நம்புகிறேன்.

முதல் இரண்டு தொகுதி மாணவர்களின் முடிவு வரும் வரை, தேர்வு எண்களைக் காட்டிப் பதாகை வைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்த இடைக்காலத்தில் பெற்றோர் நம்பிக்கை பெற வேறு வழி உண்டு. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, ஆய்வகத்தையும் நூலகத்தையும் திறந்துவைத்து, பிள்ளைகளே பெற்றோருக்குச் சோதனைகளைச் செய்து காட்டட்டும். அதே நாளில் பள்ளியின் தணிக்கைக் கணக்கை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு எல்லாருக்கும் கொடுங்கள்: சம்பளத்துக்கு இவ்வளவு, ஆய்வகத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று. அந்தத் தாளைப் படித்த பெற்றோர் அரங்கம் எங்கே என்று கேட்டால், அரங்கத்துக்கான நிதியை அப்போது அவர்களோடு சேர்ந்தே திட்டமிடலாம்.